உழைப்பு யாருக்குச் சொன்ன அறம்?

உழைப்பின் பெருமையைப் பேசாத மேடை நம்மிடையே அரிது. பள்ளி ஆண்டு விழாவில் தலைமை தாங்குபவர் அதைப் பேசுகிறார். மே முதல் நாள், தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளில், மறையுரையாளர் அதைப் பேசுகிறார். தெய்வத்தால் ஆகாத செயலும், முயன்றால், உடல் வருந்திய அளவுக்கேனும் பயன் தரும் என்னும் பொருளுடைய 619ஆம் திருக்குறள் எத்தனையோ வகுப்பறைச் சுவர்களில் எழுதப்பட்டிருக்கிறது. ‘உழைத்தால் உயரலாம்’ என்பது நம் வீடுகளிலும் நாள்தோறும் கேட்கும் சொல். இதில் குற்றம் காண எவருக்கும் மனம் வராது. சோம்பல் தலையான பாவங்கள் ஏழனுள் ஒன்று என்று ஞானோபதேச வகுப்பிலேயே கற்றவர்கள் நாம்.

ஆயினும் ஒரு நூலையோ ஒரு வாக்கையோ ஆராயப் புகுவோர் முதலில் கேட்க வேண்டிய எளிய வினா ஒன்று உண்டு. சொன்னவர் யார், யாரை நோக்கிச் சொன்னார் என்பதே அது. உழைப்பைப் பற்றிய புகழ்பெற்ற வாக்குகளை இந்த வினாவோடு அணுகினால், நாம் எதிர்பாராத ஒன்று தென்படுகிறது. உழைப்பின் அறத்தை இன்று நாம் பெரும்பாலும் கூலிக்கு வேலை செய்வோரை நோக்கியே பேசுகிறோம். ஆனால் நாம் மேற்கோள் காட்டும் நூல்களோ, அந்த அறத்தை முதலில் உடைமையும் ஆட்சியும் உள்ளவரிடம் கேட்கின்றன. இதனைத் திருக்குறளின் சில அதிகாரங்கள், மத்தேயு நற்செய்தியின் ஓர் உவமை, புதுமைப்பித்தனின் ஒரு சிறுகதை ஆகிய மூன்றையும் கொண்டு இங்கே நோக்குவோம். காலத்தாலும் சமயத்தாலும் வடிவத்தாலும் வேறுபட்ட இம்மூன்றும் உழைப்பையும் கூலியையும் பற்றியே பேசுகின்றன.

வள்ளுவரின் மன்னவன்

ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்னும் மூன்று அதிகாரங்கள் (60, 61, 62) திருக்குறளில் அடுத்தடுத்து நிற்கின்றன. முயற்சியைப் பற்றி நாம் அறிந்த குறள்களில் பல இவற்றில் உள்ளவை. நீரின் ஆழமே தாமரைத் தண்டின் நீளம். அதுபோல் ஊக்கத்தின் அளவே மனிதரின் உயர்வு என்பது 595. காலம் தாழ்த்தல், மறதி, சோம்பல், தூக்கம் ஆகிய நான்கும் கெட்டுப்போகும் இயல்புடையார் விரும்பி ஏறும் மரக்கலங்கள் என்பது 605. தளராமல் முயல்வோர் ஊழையும் புறமுதுகு காட்டச் செய்வர் என்பது 620. இவற்றைக் கேட்கும்போது நம் மனக்கண்முன் வருபவர் யார்? வயலில் குனிந்து நிற்பவரும், சுமை தூக்குபவரும், தேர்வுக்குப் படிக்கும் ஏழை மாணவரும்தாம்.

ஆனால் இவ்வதிகாரங்கள் நிற்கும் இடம் பொருட்பாலின் அரசியல் பகுதி. பரிமேலழகர் வகுத்த முறைப்படி, ‘இறைமாட்சி’யில் தொடங்கும் 25 அதிகாரங்கள் அரசனின் இயல்பைக் கூறுபவை; நாம் கண்ட மூன்றும் அவற்றின் இறுதிப் பகுதியில் வருகின்றன. இயல் பகுப்பு உரையாசிரியருக்கு உரையாசிரியர் மாறுபடும் என்று எவரேனும் மறுக்கலாம். அவ்வாறாயின் குறள்களையே கேட்போம். குடியில் சோம்பல் தங்கினால் அது பகைவருக்கு அடிமையாக்கிவிடும் என்கிறது 608. சோம்பல் இல்லாத மன்னவன், திருமால் தன் அடியால் அளந்த உலகம் அனைத்தையும் ஒருங்கே பெறுவான் என்று முடிகிறது மடியின்மை (610). களத்தில் நெல் அடிக்கும் கூலியாள் உலகம் முழுவதையும் ஆள ஆசைப்படுவதில்லை. அவன் குடிசைமேல் படையெடுத்து வரும் பகைவரும் இல்லை. வள்ளுவர் எழுப்ப விரும்பியது அரியணையில் உறங்குபவனை.

இவ்வறம் ஏனையோர்க்குப் பொருந்தாது என்பது நம் கருத்தன்று. அரசனுக்குச் சொன்னது குடிமகனுக்கும் ஆகும் என்பதாலேயே இக்குறள்கள் இத்தனை நூற்றாண்டுகள் வாழ்கின்றன. நாம் சுட்டுவது முறைமையை. ஆளுவோனுக்கு முதலிலும் மற்றவர்க்குப் பின்னரும் உரிய அறிவுரை, காலப்போக்கில் ஆளுவோனை விட்டுவிட்டு மற்றவர்க்கு மட்டும் உரியதாயிற்று. வீரமாமுனிவர் 1730இல் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். ஆகவே தமிழகத் திருச்சபைக்கு இவ்வதிகாரங்களோடு உள்ள உறவு ஏறத்தாழ 300 ஆண்டுப் பழமையது. அவற்றை முழுமையாகப் படிக்கும் கடமையும் நமக்கு உண்டு.

நிலம் யாரோடு ஊடுகிறது?

கூலியாளும் உழவரும் குறளில் எங்கே வருகின்றனர்? உழவு என்னும் 104ஆம் அதிகாரத்தில் வருகின்றனர். அங்கே வள்ளுவரின் குரலே மாறிவிடுகிறது. உழுவாரைப் பார்த்து ‘சோம்பாதே’ என்று அவர் ஓரிடத்திலும் கூறவில்லை. உலகம் எங்கெங்குச் சுழன்றாலும் ஏரின் பின்னேதான் வர வேண்டும் (1031), உழவர் உலகத் தேருக்கு அச்சாணி (1032), அவர்கள் கைமடங்கினால் ஆசையைத் துறந்தோருக்கும் வாழ்வில்லை (1036) என்று புகழ்ந்தே செல்கிறார். அடுத்து அவர் சொல்வது தொழில் நுட்பம். ஒரு பலம் புழுதி கால் பலம் ஆகும் அளவுக்கு உழுது காய விட்டால் ஒரு பிடி எருவும் இன்றிப் பயிர் செழிக்கும் (1037). உழுவதினும் எருவிடுதல் நன்று. நீர் பாய்ச்சுவதினும் காவல் நன்று (1038). வேலை தெரிந்தவரோடு பழகி, அவர்கள் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்டவரால்தான் இவ்வாறு எழுத முடியும். உழைப்பை மதிப்பதன் முதற்படி, உழைப்பவரின் அறிவை மதிப்பது என்பதை இவ்விரு குறள்களும் சொல்லாமல் சொல்கின்றன.

புகழ்ச்சி முடிந்து கண்டிப்பு வரும் இடம் 1039. நிலத்துக்குக் ‘கிழவன்’ நாள்தோறும் சென்று பாராமல் வீட்டிலேயே இருந்துவிட்டால், நிலம் அவன் மனைவியைப் போலவே அவனோடு ஊடிவிடும் என்கிறது அக்குறள். கிழவன் என்றால் இங்கு முதியவன் அல்லன், உரிமையுடையவன். உழவு அதிகாரத்தில் சோம்பலுக்காகக் கடிந்துரைக்கப்படும் முதல் ஆள் கூலியாள் அல்லன். நிலத்தின் சொந்தக்காரன் என்பது ஊன்றிக் கவனிக்கத் தக்கது.

அடுத்த குறள் நம் வாதத்துக்கு எதிர்ப்போல் தோன்றலாம். ‘எம்மிடம் ஒன்றும் இல்லை’ என்று சோம்பி இருப்பாரைக் கண்டால் நிலம் என்னும் நல்லாள் சிரிப்பாள் என்கிறது 1040. இது ஏழையைக் கடிவது அன்றோ? ஒரு வகையில் ஆம். உழத் தக்க நிலம் காத்துக் கிடக்க, கையைக் கட்டிக்கொண்டு இருப்பவரைப் பார்த்து நிலம் சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் சிரிப்பதற்கு முதலில் நிலம் வேண்டும். நிலமும் இன்றி, அழைப்பாரும் இன்றி நிற்பவரை நோக்கிச் சிரிப்பதாக வள்ளுவர் கூறவில்லை. அத்தகையோரை அவர் அறிந்தே இருந்தார். உழவு அதிகாரத்தை அடுத்து உடனே வருவது நல்குரவு, அதாவது வறுமை. அதன்பின் இரவு, இரவச்சம் என்பன. இரவச்சத்தில் இரண்டு குறள்கள் அருகருகே வைத்து எண்ணத்தக்கவை. தெளிந்த நீர் போன்ற கூழாயினும் தன் முயற்சியால் வந்ததை உண்பதைவிட இனியது வேறில்லை என்கிறது 1065. பிச்சையெடுத்துத்தான் உயிர்வாழ வேண்டும் என்று ஒருவனுக்கு விதித்திருந்தால், உலகை அவ்வாறு படைத்தவனே அலைந்து கெடட்டும் என்கிறது 1062. முதற்குறள் உழைப்பின் இன்பத்தைச் சொல்கிறது. மற்றது, உழைத்தும் வாழ வழியற்ற உலக அமைப்பின்மேல் கொண்ட சினத்தைச் சொல்கிறது. நம் செவிக்கு அது கடுமையாகப் படலாம். ஆயினும் யோபு நூலைப் படித்தவர்களுக்கு இக்குரல் அந்நியமானதன்று. சுவரில் எழுதுவதற்கு முதல் வகைக் குறளை நாம் தேர்ந்துகொண்டோம். இரண்டாம் வகைக் குறளை எந்தச் சுவரிலும் காணோம்.

சந்தைவெளிக்கு ஐந்து முறை வந்தவர்

இனி நற்செய்திக்கு வருவோம். திராட்சைத் தோட்ட வேலையாள்களின் உவமை (மத் 20:1-16) நாம் பலமுறை கேட்டது. தோட்டத்தின் உரிமையாளர் விடியற்காலையில் சந்தைவெளிக்குச் செல்கிறார்; நாளுக்கு ஒரு தெனாரியம் என்று பேசி ஆள்களை அனுப்புகிறார். காலை ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், பிற்பகல் மூன்று மணிக்கும், மாலை ஐந்து மணிக்கும் மீண்டும் செல்கிறார். மாலையில் கடைசியாக வந்தவருக்கும் முதலில் வந்தவருக்கும் ஒரே தெனாரியம் கொடுக்கப்படுகிறது. முதலில் வந்தோர் முணுமுணுக்கின்றனர்.

விண்ணரசைப் பற்றிய உவமையில் கூலி, வேலை ஆகியவற்றின் நெறியைத் தேடலாமா என்று சிலர் கேட்பர். இறைவனின் தாராளமே உவமையின் மையம் என்பதில் ஐயமில்லை. ஆனால் உவமை என்பது தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்குவது. கேட்டவர்களுக்குச் சந்தைவெளி தெரிந்திருந்தது. கூலிக்குக் காத்து நிற்பதன் நெஞ்சிடி தெரிந்திருந்தது. நம் நகரங்களின் நாற்சந்திகளில் காலை வேளையில் கரணையும் மண்வெட்டியும் தூக்குவாளியுமாகக் கொத்தனார்களும் சித்தாள்களும் நிற்பதைப் பார்ப்பவர்களுக்கும் அது தெரியும். வெயில் ஏற ஏற, அழைக்கப்படாதோர் முகத்தில் படரும் வாட்டத்தை அறிந்த ஒருவர் சொன்ன கதை இது.

மாலை ஐந்து மணிக்கு உரிமையாளர் கேட்கும் வினா, நாம் மேடைகளில் கேட்கும் வினாவேதான்: நாள் முழுவதும் ஏன் சும்மா நிற்கிறீர்கள்? அதற்கு வரும் விடை மிகச் சிறியது. எவரும் தங்களை வேலைக்கு அமர்த்தவில்லை என்கின்றனர். உவமையில் இந்த விடையை உரிமையாளர் மறுக்கவில்லை. ‘காலையிலேயே எங்கே போனீர்கள்?’ என்று குடையவும் இல்லை. அவர்கள் சொல்வதை நம்பி, தோட்டத்துக்கு அனுப்புகிறார். இவர்கள் ஏன் விடுபட்டனர் என்று கதை விளக்கவில்லை. ஆனால் கூலிச்சந்தையில் திடகாத்திரமானவரையே முதலில் அழைப்பர் என்பதும், முதியவரும் மெலிந்தவரும் கடைசிவரை நிற்பர் என்பதும் உலகறிந்த செய்தி. வேலையின்றி நிற்பதும் சோம்பி நிற்பதும் தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு ஒன்றுபோலவே தோன்றும். அருகில் சென்று கேட்டால்தான் வேறுபாடு விளங்கும்.

இந்த உவமையில் நாம் எளிதில் கடந்துபோகும் நுட்பம் ஒன்று உண்டு. இக்கதையில் ஓயாமல் அலைபவர் யார்? உரிமையாளரே. அவரிடம் மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கிறார். மாலையில் கூலி கொடுக்க அவரைத்தான் அழைக்கிறார். அவரையே காலையிலும் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. ஒருநாளில் ஐந்து முறை தாமே நடந்து செல்கிறார். நாள்தோறும் சென்று பாராத கிழவனோடு நிலம் ஊடும் என்றார் வள்ளுவர். சென்று பார்க்கும் கிழவனை நற்செய்தியில் நாம் காண்கிறோம். அவர் சென்று பார்ப்பது நிலத்தை மட்டும் அன்று, நிலத்துக்கு வெளியே நிற்கும் மனிதரையும். தம் தந்தை இன்றும் செயலாற்றுகிறார் என்று ஆண்டவர் யோவான் நற்செய்தியில் (5:17) சொல்வதை இதனோடு சேர்த்து எண்ணலாம். உழைப்பின் முதல் மாதிரியாக விவிலியம் நமக்குக் காட்டுவது உரிமையாளராகிய இறைவனையே.

முணுமுணுத்தவர்களையும் நாம் இகழ வேண்டியதில்லை. பகல் முழுவதும் வெயிலில் வருந்தியவர்கள் அவர்கள். அவர்களது களைப்பு உண்மையானது. பேசிய கூலியில் ஒரு காசும் அவர்களுக்குக் குறையவில்லை. நீதி அங்கே முழுமையாக நிற்கிறது. அவர்களை வருத்தியது, மற்றவர்கள் தமக்கு இணையாக்கப்பட்டது. கடின உழைப்பாளியின் நெஞ்சில் நுழையக்கூடிய நோய் இதுவே: ‘நான் உழைத்தேன், ஆகவே உழைக்க வாய்ப்பில்லாதவன் பட்டினி கிடப்பதே முறை.’ கிராமப்புற வேலை உறுதிச் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, நூறு நாள் வேலை ஊர்களுக்கு வந்தபோது, ‘ஆள்களெல்லாம் சோம்பேறிகளாகிவிட்டார்கள்’ என்னும் குறையை எங்கும் கேட்டோம். அதைச் சொன்னோரில் பலர் உண்மையிலேயே கடினமாக உழைத்து முன்னேறியவர்கள். அத்திட்டத்தின் நிறைகுறைகளை ஆராய்வது வேறு. ஏரிக்கரையில் மண் சுமந்த முதிய பெண்ணுக்குக் கிடைத்த கூலியைக் கண்டு மனம் புழுங்குவது வேறு. முன்னது பொருளாதாரம், பின்னது மத்தேயு 20:12.

கூடாரத் தொழிலாளி சொன்னது

உழைக்க மனமில்லாதவர் உண்ணலாகாது என்னும் பவுலடியாரின் கட்டளை (2 தெச 3:10) உலகெங்கும் பரவிய ஒன்று. 1936ஆம் ஆண்டின் சோவியத்து அரசியல் சட்டம்கூட தன் 12ஆம் பிரிவில் இக்கருத்தை எடுத்தாண்டது. இங்கும் நம் வினாவைக் கேட்போம். சொன்னவர் கூடாரம் செய்யும் தொழிலாளி (திப 18:3). நற்செய்திப் பணியாளர் என்ற முறையில் மக்களிடம் பொருளுதவி பெறும் உரிமை தமக்கு இருந்தும், எவர்க்கும் சுமையாகாதபடி இரவும் பகலும் கையால் உழைத்ததாக அவரே கூறுகிறார். ஆகவே இது பிறர் உழைப்பில் அமர்ந்து உண்பவர் சொன்ன வாக்கன்று. கேட்டவர்களோ, வேலை செய்யாமல் பிறர் காரியங்களில் தலையிட்டுத் திரிந்தோர். ‘மனமில்லாதவர்’ என்ற சொல்லும் கருதத்தக்கது. வேலை கிடைக்காதவர், நோயுற்றவர், முதியவர் இக்கட்டளைக்கு உட்பட்டோர் அல்லர். தம் கையில் காய்ப்பு உள்ளவர் மட்டுமே இவ்வாக்கைத் துணிந்து சொல்லலாம் என்பது நம் துணிபு.

பொன்னகரத்தில் ஒரு கஞ்சி

உழைத்தால் உயரலாம் என்னும் வாக்குக்கு எதிர்ச்சான்றாக நிற்கும் ஒரு மிகச் சிறிய கதை, புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’. 1934இல் ‘மணிக்கொடி’யில் வெளிவந்தது. அம்மாளு மில்லில் கூலி வேலை செய்பவள். கணவன் முருகேசன் ஜட்கா ஓட்டுபவன். குடிபோதையில் வண்டி ஓட்டி, விபத்துக்குள்ளாகிப் படுத்த படுக்கையாகிறான். பால்கஞ்சி வேண்டும் என்று கேட்கிறான். வீட்டில் காசில்லை. மில்லில் கூலி போடும் நாள் இன்னும் வரவில்லை. இரவில் வெளியே போன அம்மாளு, தன்மேல் கண்வைத்திருந்த ஒருவனோடு சந்தின் இருளில் மறைகிறாள். முக்கால் ரூபாயோடு திரும்புகிறாள். கற்பைப் பற்றி வாய்ஓயாமல் பேசுவோரை நோக்கிக் கசப்பாக ஒரு சொல் வீசிக் கதையை முடிக்கிறார் ஆசிரியர்.

இக்கதை பெரும்பாலும் கற்பைப் பற்றிய கதையாகவே பேசப்பட்டு வந்துள்ளது. ஆசிரியரே அவ்வாறு முடிப்பதால் அது இயல்பு. ஆனால் கதை திரும்பும் அச்சு, மில் கூலி கைக்கு வராத அந்த நாளில் இருக்கிறது. அம்மாளு சோம்பேறி அல்லள். மில்லில் நாள்தோறும் உடல் வருந்துகிறவள். அந்த வருத்தத்துக்குரிய கூலி அவளுக்கு உரிய நேரத்தில் வந்திருந்தால் இக்கதைக்கே இடமில்லை. முருகேசனின் குடி இதில் பெரும் பிழை என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. ஆயினும் அவன் பிழையின் விலையை அவள் உடலால் கொடுக்க நேர்ந்ததற்குக் காரணம், அவள் ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்குரிய காசு இன்னொருவர் பெட்டியில் இருந்ததுதான். தன் முயற்சியால் வந்த கூழைவிட இனியது இல்லை என்றார் வள்ளுவர். அந்த இனிமை அம்மாளுவுக்கும் உரியதாயிருந்தது. அவளுடைய முயற்சியும் குறைவில்லாததே. அவளுடைய கஞ்சி கசந்தது கூலியின் தாமதத்தால்.

இணைச் சட்ட நூல் (24:14-15) இதை முன்னரே உணர்ந்து பேசுகிறது. ஏழைக் கூலியாளின் கூலியை அன்றன்றே, கதிரவன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும்; அவன் வறியவன், தன் உயிரையே அதில் வைத்திருக்கிறான் என்பது அக்கட்டளை. பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது. அக்குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டியுள்ளது என்று எச்சரிக்கிறார் யாக்கோபு (5:4). திராட்சைத் தோட்டக்காரரும் மாலை வந்தவுடன் கூலி கொடுக்கச் சொல்வதை இங்கே நினைவுகூரலாம். மாலைக்கும் மறுநாளுக்கும் உள்ள இடைவெளியில் ஒரு குடும்பத்தின் மானம் போய்விடக் கூடும் என்பதை மோசேயின் சட்டமும் அறிந்திருந்தது, புதுமைப்பித்தனும் அறிந்திருந்தார்.

உழைப்பின் பொருள்

இவ்வளவும் சொன்னது உழைப்பின் மதிப்பைக் குறைக்க அன்று. அதை அதன் இடத்தில் நிறுத்த. மனிதர் பாவம் செய்யுமுன்னரே, ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் அங்கே வைக்கப்பட்டனர் (தொநூ 2:15). நெற்றி வியர்வையின் துன்பம் பாவத்தின் பின் வந்தது (3:19). ஆகவே உழைப்பு தண்டனையன்று; துன்பமாக்கப்பட்ட உழைப்பே தண்டனை. இவ்வேறுபாட்டை மறந்தவர்கள் இருவகைத் தவறுக்கு ஆளாகின்றனர். சிலர் உழைப்பையே வெறுத்து ஒதுக்குகின்றனர். சிலர் பிறர் படும் துன்பத்தையே உழைப்பின் பெருமை என்று பாராட்டுகின்றனர். கடின உழைப்பு ஒன்றே ஒருவரை உயர்த்துமாயின், நம் நாட்டில் கொத்தடிமைகளாகச் செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கிடந்தோர் அனைவரும் உயர்ந்திருக்க வேண்டும். அவர்களை மீட்க 1976இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியர்க்கு எழுதிய ஒழுங்கு, சோம்பல் ஆன்மாவின் பகை என்று கூறி, கைவேலைக்கு நேரம் வகுக்கிறது. அதே அதிகாரத்தில், மெலிந்தவரும் நோயுற்றவரும் வேலையின் சுமையால் நசுங்கிவிடாதபடி அவரவர்க்கு ஏற்ற வேலை தரப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. மடத்தின் பொருள்களைக் காப்பவர், அங்குள்ள கருவிகளைப் பீடத்தின் திருப்பாத்திரங்களைப்போல் கருத வேண்டும் என்பதும் அவ்வொழுங்கின் கட்டளை. ஆயுத பூசையன்று தம் கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இடும் நம் ஊர்த் தச்சரும் கொல்லரும் இக்கட்டளையை நமக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லாதபடி அறிவர். வேலையைச் செம்மையாகச் செய்தல், கருவியைப் பேணுதல், காணாத இடத்திலும் அரைகுறையாக விடாதிருத்தல் ஆகியவை உழைப்பின் உள்ளறங்கள். இவற்றை எந்த முதலாளியும் கட்டளையிட்டுப் பெற முடியாது. தலைவனும் கண்காணியும் இல்லாமலே எறும்பு உணவு சேர்க்கிறது என்று நீதிமொழிகள் (6:6-8) வியப்பதும் இதனையே.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், இளமையில் கல் குவாரியிலும் இரசாயனத் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர். அவர் 1981இல் வெளியிட்ட ‘லபோரெம் எக்சர்சென்ஸ்’ என்னும் திருமடல், வேலை மனிதருக்காகவே அன்றி மனிதர் வேலைக்காக அல்லர் என்று நிறுவுகிறது. ஒரு சமுதாய அமைப்பு நீதியானதா என்பதை அறியும் உரைகல்லாக நியாயமான ஊதியத்தையே காட்டுகிறது. இல்லத்தில் பெண்கள் சுமக்கும் உழைப்பு, சமுதாயத்தாலும் சில வேளை குடும்பத்தாராலுமே மதிக்கப்படுவதில்லை என்பதையும் அது மறவாமல் குறிப்பிடுகிறது. அதற்கு 90 ஆண்டுகளுக்கு முன், 1891இல், திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தம் ‘ரேரும் நோவாரும்’ மடலில், வறுமைக்கு அஞ்சித் தொழிலாளி குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டால் அது உண்மையான ஒப்பந்தமாகாது. அவர் அநீதிக்கு இரையாகிறார் என்றார். 2025இல் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பதினான்காம் லியோ தமக்கு இப்பெயரைத் தேர்ந்ததற்கு முதன்மையான காரணமாகச் சுட்டியதும் இம்மடலையே. ‘அவரே ஒத்துக்கொண்டுதானே வந்தார்’ என்று நம்மில் பலர் சொல்லும் சமாதானத்துக்குத் திருச்சபை 1891லேயே விடையளித்துவிட்டது.

நம் வீட்டு வாயிலில்

இந்நூல்களை இவ்வாறு படித்தபின் நமக்கு எஞ்சுவது என்ன? உழைப்பைப் போதிக்கும் ஒவ்வொருவரும் மூன்று வினாக்களைத் தம்மிடமே முதலில் கேட்டாக வேண்டும். என் பொறுப்பில் உள்ளதை நான் சென்று பார்க்கிறேனா? வேலையின்றி நிற்பவரைச் சோம்பேறி என்று சொல்லுமுன் அருகில் சென்று கேட்டேனா? எனக்காக உழைத்தவரின் கூலி கதிரவன் மறையுமுன் அவர் கையில் சேர்ந்ததா?

இவை ஆலை முதலாளிகளுக்கு மட்டும் உரியவை அல்ல. வீட்டில் பாத்திரம் துலக்க வரும் பெண், நோயினால் இரண்டு நாள் வராவிட்டால் கூலியைப் பிடிப்பதா என்று முடிவுசெய்யும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு திராட்சைத் தோட்டத்தின் உரிமையாளரே. நம் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் கூட்டித் துடைப்போரும் சமைப்போரும் காவல் காப்போரும் பெறும் ஊதியத்தை ‘இது இறைப்பணி’ என்னும் சொல்லால் குறைத்தல் ஆகாது. விடியலில் எழுந்து மணியடித்து, பீடத்தைத் துடைத்து, இறந்தோர் வீட்டுக்கு முன்னோடியாகச் செல்லும் கோயில்பிள்ளையும், ஊர் ஊராகச் சென்று மறைக்கல்வி புகட்டிய உபதேசியாரும் தமிழகத் திருச்சபையைத் தம் கால்களால் தாங்கியவர்கள். அவர்களது ஊதியம் எவ்வளவு, அது எந்த நாளில் கொடுக்கப்படுகிறது, முதுமையில் அவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதைத் தம் பங்கில் கேட்டறியும் உரிமையும் கடமையும் பொதுநிலையினருக்கு உண்டு. தச்சரின் மகன் என்று இகழப்பட்டவரை (மத் 13:55) ஆண்டவர் என்று அறிக்கையிடும் சமூகம் நாம்.

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். அந்தப் புனிதர் பேசியதாக ஒரு சொல்லும் நற்செய்திகளில் இல்லை. உழைப்பைப் பற்றி அவர் எவருக்கும் அறிவுரை சொல்லவில்லை. உழைத்தார், தம்மை நம்பியிருந்தோரைக் காத்தார். அடுத்த மே முதல் நாளில் உழைப்பின் பெருமையைப் பேச நம்மில் எவரேனும் எழுந்தால், பேச்சைத் தொடங்குமுன் தம் வீட்டிலும் பங்கிலும் கொடுக்க வேண்டிய கூலி பாக்கி உண்டா என்று பார்த்துக்கொள்வது நலம். பாக்கி இருப்பின், அதை அன்று மாலைக்குள் கொடுத்துவிட்டுப் பேசலாம்.